பாஸ் சாகுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க

பாஸ் செத்து விழுந்ததுக்கு அப்புறம் விதி சொல்ற ஆளுங்களை எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.

போன வாரம் ஒரு பக் ரெய்டுக்குப் போயிருந்தேன். (பக்னா கில்டு மாதிரி நிரந்தரக் குழு கிடையாது. முன்னப்பின்ன தெரியாதவங்க அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் ஒண்ணு சேர்ந்து போறது.) வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக், மோல்டன் கோர். ஒன்பது பாஸ் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. பத்தாவது ஆள் ராக்னராஸும் விழுந்தாச்சு. லூட்டைத் திறந்தா பேண்ட் ஆஃப் அக்யூரியா மோதிரம். ஹண்டர், ரோக், வாரியர்னு பாதி ரெய்டுக்கு வேணும்கிற மோதிரம் அது. எல்லாரும் ரோல் போடத் தயாரா உக்காந்திருக்காங்க. லீடர் சாட்ல ஒரே வரி போட்டார்: "மோதிரம் ரிசர்வ்."

யாருக்கு? அவரோட நண்பருக்கு.

எப்ப ரிசர்வ் ஆச்சு? பதில் இல்ல. அடுத்த நிமிஷம் குரூப்பே கலைஞ்சுது.

நான் ப்ரீஸ்ட், ஹீலர். அந்த மோதிரத்தால எனக்கு எந்தப் பிரயோஜனமும் இல்ல. ஆனாலும் கோபம் அடங்கல. மூணு மணி நேரம் அத்தனை பேர் ராத்திரி தூக்கத்தை விட்டு உக்காந்து அடிச்ச பாஸ். கடைசி நிமிஷத்துல ஒருத்தர் வந்து, முதல்லயே பேசி முடிச்ச மாதிரி "ரிசர்வ்"னு சொல்றார். யாருகிட்ட பேசினார்?

சரி, இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்தேன். எங்க கில்டுல லூட் கணக்கு பாக்குறது நான்தான். அதனால இந்த விஷயத்துல எனக்குக் கருத்து நிறைய. பொறுமையா வாங்க.

முதல்ல விளையாடாதவங்களுக்காகச் சின்ன விளக்கம். ரெய்டுன்னா ஒரு பெரிய கும்பல் சேர்ந்து அடிக்கிற குகை. பழைய மோல்டன் கோர்ல 40 பேர். ஒரு பாஸ், அதாவது உள்ள இருக்கிற பெரிய எதிரி, செத்தா ரெண்டு மூணு உருப்படி விழும் (அதுதான் லூட்), சில சமயம் கொஞ்சம் கூட. அவ்ளோதான். 40 பேர், கை நிறைய வேலை, ரெண்டு மூணு பொருள். வாரத்துக்கு ஒரு தடவைதான் அந்தக் குகை திறக்கும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம்: அங்க விழுற நல்ல பொருள் எல்லாம் எடுத்தவங்களோட ஒட்டிக்கும். அப்புறம் வெளிய விக்க முடியாது, கூட வராதவங்களுக்குக் கொடுக்க முடியாது. வாளை ரெண்டா வெட்டவும் முடியாது. அதனால "வித்துட்டுப் பங்கு போட்டுக்கலாம்"ங்கிற சுலபமான வழி முதல்லயே அடைபட்டுப் போச்சு. யாரோ ஒருத்தருக்குப் போகும், மத்தவங்க வெறுங்கையோட போவாங்க.

இதுல என்னோட கட்சியை முதல்லயே சொல்லிடறேன். லூட் சிஸ்டம் நல்லதா கெட்டதான்னு ஜெயிச்சவங்களைக் கேக்கக் கூடாது. பொருள் கிடைச்சவங்களுக்கு எந்த சிஸ்டமும் நல்ல சிஸ்டம்தான். கிடைக்காதவங்களைக் கேக்கணும். அவங்க "சரி, இப்ப ஏன் எனக்கு வரலைன்னு புரியுது, அடுத்து எப்ப வரும்னும் தெரியுது"னு சொல்லிட்டு அடுத்த வாரமும் வந்து நின்னா, அது நல்ல சிஸ்டம்.

போன மாசம் கோயம்புத்தூர்லேருந்து ஒரு தம்பி எங்க கில்டுல சேர்ந்தான். (எங்களோடது ஐரோப்பிய சர்வர். அங்க ராத்திரி எட்டு மணின்னா நமக்குக் குளிர்காலத்துல பன்னெண்டரை, கோடைல பதினொன்றரை. தூங்கி வழிஞ்சுட்டே ஹீல் பண்ற தமிழ்க் கூட்டம் அங்க கொஞ்சம் உண்டு.) என்னோட ஷீட்டைப் பாத்துட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, எதுக்குக்கா இவ்ளோ கணக்கு? எல்லாரும் ரோல் போட்டா முடிஞ்சிருமே? யாருக்கு லக் இருக்கோ அவங்களுக்கு."

நல்ல கேள்வி. ரோல் நேர்மையானதுதான். ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் ஒரு நம்பர், பெரிய நம்பர் ஜெயிக்கும். ஏமாத்த வழியில்ல. ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்ற கூட்டத்துக்கு அதைவிட எளிமையானது கிடையாது.

ஆனா ரோலுக்கு ஞாபகசக்தி இல்ல தம்பி.

கணக்கு போட்டுக் காட்டினேன். எட்டு ஹண்டர் இருக்காங்கன்னு வை. ஹண்டருக்கான பொருள் ஒவ்வொண்ணா விழுது, ஒவ்வொரு தடவையும் எட்டு பேரும் ரோல் போடறாங்க. பத்து பொருள் விழுந்து முடிஞ்சப்புறம் உனக்கு ஒண்ணுகூடக் கிடைக்காம இருக்க வாய்ப்பு எவ்ளோ? எட்டுல ஏழைப் பத்து தடவை பெருக்கணும். கிட்டத்தட்ட 26 சதவீதம். அதாவது எட்டு பேர்ல ரெண்டு பேர், பத்து பொருள் போன பின்னாடியும் கையைப் பிசைஞ்சுட்டு நிக்கிறதுதான் சராசரி. அதே நேரம் இன்னொருத்தர் மூணு வாங்கியிருப்பார். யாரும் தப்பு பண்ணல. ஆனா அந்த ரெண்டு பேர் அடுத்த வாரம் வர மாட்டாங்க. வரலைன்னா ஹண்டர் ஆறு. ஆறு ஹண்டரோட அடுத்த பாஸ் சாகாது.

தம்பி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப லக்கைக் கணக்குல எழுதி வெக்கணும்"னான். அதேதான்!

அதை முதல்ல எழுதி வெச்சது எவர்க்வெஸ்ட் காலத்து ஆளுங்க. 1999-ல வந்த விளையாட்டு. அங்க நாகஃபென், வாக்ஸ்னு ரெண்டு டிராகன் பேர் போனது. ஆஃப்டர்லைஃப்ங்கிற கில்டுல தாட்ங்கிற ஆள் ஒரு யோசனை பண்ணினார். டிராகனை அடிக்க வந்த ஒவ்வொருத்தருக்கும் பாயிண்ட் கொடு. பொருள் வேணும்கிறவங்க அந்தப் பாயிண்டைச் செலவு பண்ணட்டும். பேரே டிராகன் கில் பாயிண்ட்ஸ். டிகேபி. டிராகனே இல்லாத விளையாட்டுலகூட இன்னைக்கும் அதே பேர்தான். (இந்தத் தாட்தான் பின்னாடி வார்கிராஃப்டுக்குத் தாட்பாட்ங்கிற தகவல் தளத்தையும் உருவாக்கினவர். அந்தக் காலத்துல குவெஸ்ட் எங்கன்னு தெரியலைன்னா எல்லாரும் போய் நின்ன இடம் அது.)

எவ்ளோ அழகான யோசனை பாருங்க. கம்பெனி கொடுக்காத ஒரு நாணயத்தை விளையாடறவங்களே அச்சடிச்சுட்டாங்க. அதுவும் வெளிய செல்லாத நாணயம். அந்தக் கில்டுக்குள்ள மட்டும்தான் செல்லும். கில்டை விட்டுப் போனா அத்தனையும் பூஜ்யம். அதனால ஆளுங்க நிப்பாங்க. எட்வர்ட் காஸ்ட்ரோனோவாங்கிற பொருளாதாரப் பேராசிரியர், 2001-லயே எவர்க்வெஸ்ட் உலகத்தோட பொருளாதாரத்தைக் கணக்கு போட்டவர், பின்னாடி ஜோஷ்வா ஃபேர்ஃபீல்டோட சேர்ந்து டிகேபிக்குன்னே ஒரு ஆய்வறிக்கை எழுதினார். பொழுதுபோக்குக்கு விளையாடறவங்க போட்ட கணக்கைப் பேராசிரியர்கள் உக்காந்து படிச்சாங்கன்னு நினைக்கிறப்போ எனக்கு நிஜமாவே பெருமையா இருக்கு.

எங்க கில்டும் டிகேபிலதான் ஆரம்பிச்சுது. 2019 ஆகஸ்ட்ல கிளாசிக் திறந்தாங்க, அதுக்கப்புறம் சீக்கிரமே.

முதல் சில மாசம் ரொம்ப நல்லா ஓடுச்சு. அப்புறம் பணவீக்கம் வந்துச்சு.

வராம இருக்குமா? வாராவாரம் பாயிண்ட் அச்சடிக்கிறோம். பழைய ஆளுங்களுக்கு வேணும்கிறது முக்கால்வாசி கிடைச்சாச்சு, அவங்க செலவு பண்றதில்ல. ஒரு பழைய மேஜ்கிட்ட 900 பாயிண்ட், புதுசா வந்த மேஜ்கிட்ட 60. புதுசு எத்தனை வாரம் வந்தாலும் இந்த இடைவெளி குறையாது. ஏன்னா அதே வாரங்கள்ல பழசும் வருதே! பெரிய பொருள் விழுறப்போ பழசு கையைத் தூக்கினா முடிஞ்சுது கதை. புதுசுக்கு நம்பிக்கையே போயிடும்.

அடுத்த தலைவலி ஏலம். ஏலம்னு வெச்சா கூட்டு சேருவாங்க. எங்க வார்லாக் நாலு பேர் தனியாப் பேசி வெச்சுக்கிட்டு, "இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான்"னு குறைஞ்சபட்ச விலைக்கே எல்லாத்தையும் எடுத்தாங்க. அடிச்சுக்கிட்ட ரோக்குங்க நாலு மடங்கு கொடுத்தாங்க. வார்லாக்குகளைத் திட்ட முடியாது, விதியில அது தப்புன்னு எங்கயும் எழுதல. அதனால மூடின ஏலத்துக்கு மாறினோம். எல்லாரும் விலையை ரகசியமா எனக்கு அனுப்பணும். அதிகமா கேட்டவருக்குப் பொருள், ஆனா அவர் கொடுக்க வேண்டியது ரெண்டாவது ஆள் கேட்ட விலை. (வில்லியம் விக்ரி 1961-ல இந்த மாதிரி ஏலத்தைப் பத்தி எழுதினார், 1996-ல நோபல் பரிசு வாங்கினார்.) இந்த முறையில தனக்கு எவ்ளோ மதிப்போ அதை அப்படியே எழுதறதுதான் லாபம், தந்திரம் தேவையில்ல. கூட்டு சேர்றதை இதுவும் முழுசாத் தடுக்காது, உண்மைதான். ஆனா "நான் அதிகமா கொடுத்துட்டேனோ"ங்கிற புலம்பல் பெரும்பாலும் நின்னுது.

பணவீக்கத்துக்கு ஜீரோ-சம் டிகேபின்னு ஒண்ணு உண்டு. 40 பாயிண்டுக்கு ஒருத்தர் பொருள் எடுத்தா, அந்த 40-ஐ வந்திருந்த 40 பேருக்கும் ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் கொடுத்துடணும். எடுத்தவருக்கு நிகரமா 39 குறையும். மொத்தத்தைக் கூட்டினா எப்பவும் பூஜ்யம். பாக்க எவ்ளோ சுத்தமா இருக்கு இல்ல?

அதுல ஒரு ஓட்டை. புது பாஸை முதல் தடவை கத்துக்கிற ராத்திரியில எதுவும் சாகாது. எதுவும் சாகலைன்னா எதுவும் விழாது. எதுவும் விழலைன்னா யாருக்கும் பாயிண்ட் கிடையாது. நாலு மணி நேரம் திரும்பத் திரும்பச் செத்து, ரிப்பேருக்குக் காசு கொடுத்து, போஷன் எல்லாம் தீர்த்த ராத்திரிக்குப் பூஜ்யம். எல்லாம் தெரிஞ்ச பழைய பாஸை அரை மணி நேரத்துல அடிச்ச ராத்திரிக்கு அள்ளித் தரும். உழைச்ச நாளுக்குச் சம்பளம் இல்லாத கணக்கு அது. என்னால ஒத்துக்கவே முடியல.

சூசைட் கிங்ஸ் கொஞ்ச நாள் பாத்தோம். ஒரே ஒரு பட்டியல், ஆரம்பத்துல குலுக்கிப் போட்ட வரிசை. பொருள் வேணும்கிறவங்கள்ல யார் மேல இருக்காங்களோ அவங்களுக்கு. எடுத்தா அடிக்குப் போகணும். அன்னைக்கு வராதவங்க இடம் அப்படியே நிக்கும். புரிய ஒரு நிமிஷம் போதும். ஆனா மேல இருக்கிறவங்க சின்னப் பொருளை எல்லாம் "வேண்டாம், வேண்டாம்"னு விட்டுட்டுப் பெரிய வாளுக்காகக் காத்திருப்பாங்க. பயன்பட வேண்டிய பொருளை டிஸ்என்சாண்ட் பண்ணி உடைக்க வேண்டியதாப் போச்சு.

(ஒரு இடத்துல மட்டும் வரிசைதான் உசத்தி. மோல்டன் கோர்ல மேஜர்டோமோங்கிற பாஸ் சாக மாட்டான், தோத்துட்டுப் பெட்டியைக் கொடுத்துட்டுப் போயிடுவான். அந்தப் பெட்டியில ஹண்டருக்கு ஒரு இலை இருக்கும், இல்லைன்னா ப்ரீஸ்டுக்கு ஒரு கண் இருக்கும். ஐ ஆஃப் டிவினிட்டி. ஒரு ப்ரீஸ்டுக்கு அது ஒரு தடவைதான் வேணும். இதுக்குப் பாயிண்ட் எதுக்கு? ப்ரீஸ்ட் எல்லாரும் எழுதி ஒட்டின வரிசை போதும். எங்க கில்டுல இன்னைக்கும் அப்படித்தான்.)

அப்புறம் வந்துச்சு லூட் கவுன்சில்.

இதைப் பத்தித்தான் நிறையப் பேசணும்.

கவுன்சில்னா ஆபீசர்கள் மூணு நாலு பேர் உக்காந்து "இது யாருக்குப் போனா ரெய்டுக்கு நல்லது"ன்னு முடிவு பண்றது. பாயிண்ட் இல்ல, ரோல் இல்ல. கொள்கை அளவுல இதை எதிர்த்துப் பேசவே முடியாது. முன்னாடி நின்னு அடி வாங்குற டேங்குக்கு நல்ல கவசம் போனா நாற்பது பேரும் பொழைக்கிறாங்க. அதே கவசத்தை நிறையப் பாயிண்ட் வெச்சிருக்கிற, மாசத்துக்கு ஒரு தடவை டேங்க் பண்ற ஆள் எடுத்துட்டா ரெய்டுக்கு என்ன லாபம்? கவுன்சில் வந்த பிறகு நாங்க வேகமாத்தான் முன்னேறினோம். பிளாக்விங் லேர்ங்கிற ரெய்டுல அதுவரைக்கும் தொங்கிட்டிருந்த பாஸ் எல்லாம் ஒவ்வொண்ணா விழுந்துச்சு.

அப்பதான் எங்க வார்லாக் ஒருத்தர் போனார்.

போர்ச்சுகல்காரர். பேச்சு கம்மி. ஒரு ரெய்டு விடாம வருவார். ராக்னராஸ்கிட்ட விழுற சோக்கர் ஆஃப் த ஃபயர்லார்ட், மந்திரம் போடறவங்களுக்கான கழுத்துப் பொருள், அதுக்காக ரொம்ப நாள் காத்திருந்தார். விழுந்துச்சு. கவுன்சில் ஒரு மேஜுக்குக் கொடுத்துச்சு. "சரி"னு ஒரு வார்த்தை போட்டார். கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பவும் விழுந்துச்சு. வேற மேஜ். அதுக்கும் "சரி." அந்த வாரத்தோட கில்டை விட்டுப் போயிட்டார். சண்டை இல்ல, சத்தம் இல்ல.

நான் அப்போ கவுன்சில்ல இல்ல. பின்னாடி கணக்கு என் கைக்கு வந்தப்போ கவுன்சில்ல இருந்தவங்ககிட்ட நேராவே கேட்டேன். அவங்ககிட்ட காரணம் இருந்துச்சு. நல்ல காரணம்தான். அடுத்த ரெய்டுக்கான ஒரு பொருளை அவருக்குன்னே யோசிச்சு வெச்சிருந்தாங்க, அது அவருக்கு இதைவிட ரெண்டு மடங்கு பயன்படும். அதுக்கு அவரே முதல் ஆள்.

யாரும் அவர்கிட்ட சொல்லல!

அவ்ளோதான் நடந்தது. முடிவு சரி. காரணம் சரி. காரணம் நாலு பேரோட தலைக்குள்ளயே இருந்துச்சு. அவர் பக்கத்துலேருந்து பாருங்க: ரெண்டு தடவை தனக்கு வேண்டியது போச்சு, ரெண்டு தடவையும் ஆபீசர்களோட தினமும் பேசிச் சிரிக்கிற ஆளுங்களுக்குப் போச்சு. அவர் வேற என்னன்னு நினைச்சிருக்க முடியும்?

அதுக்கப்புறம் நான் பிடிவாதமாக் கொண்டுவந்தது ஒண்ணே ஒண்ணு. கவுன்சில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும், ஏன்னு ஒரு வரி எழுதணும். எல்லாரும் பாக்குற ஷீட்ல. "இவருக்கு, ஏன்னா இவரோட பழைய பொருள் ரொம்பப் பின்னாடி இருக்கு, வருகை முழுசு." அவ்ளோ போதும். தன்னோட கிளாஸ் (ப்ரீஸ்ட், மேஜ் மாதிரி வகை) பொருளுக்குக் கவுன்சில் ஆள் வாயைத் திறக்கக் கூடாது, மத்தவங்க முடிவு பண்ணணும். ரெய்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே அவங்கவங்க விருப்பப் பட்டியலை எழுதி வெச்சிடணும்.

இதுக்கு எதிர்ப்பு வந்துச்சு. "ரெய்டு நடுவுல உக்காந்து எழுதிட்டிருக்க முடியுமா, நேரம் போகும்." போகும். பொருளுக்குப் பத்து வினாடி. ஆள் போயிட்டா புது வார்லாக்கைத் தேடிப் பழக்கி எடுக்க எவ்ளோ நேரம்னு கேட்டேன். அதுக்கு யாரும் பேசல.

இத்தனையும் பாத்தப்புறம், இப்போ நாங்க ஓட்டுறது இபிஜிபி. முயற்சிக்கு ஒரு பாயிண்ட், வாங்கின பொருளுக்கு ஒரு பாயிண்ட், ரெண்டையும் வகுக்கணும். உதாரணத்துக்கு, ஒருத்தர் முயற்சி 1000, வாங்கினது 200: வகுத்தா 5. இன்னொருத்தர் முயற்சி 600தான், ஆனா வாங்கினது 100: வகுத்தா 6. ஆறுதான் முன்னாடி. குறைவா வந்திருந்தாலும், அதைவிடக் குறைவா வாங்கினவருக்கு முதல் உரிமை. இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பாஸ் சாகலைன்னாலும் கத்துக்கிற ராத்திரிக்கு முயற்சிப் பாயிண்ட் உண்டு. அந்தப் பழைய ஓட்டை அடைபட்டாச்சு.

கூடவே வாராவாரம் ரெண்டு பக்கமும் பத்து சதவீதம் தேயும். இந்தத் தேய்மானத்துக்குத்தான் புதுசா வர்றவங்க பயப்படறாங்க, "என் உழைப்பை அழிக்கிறீங்களா"னு. அழிக்கலங்க, உச்சவரம்பு வெக்கிறோம். வாரம் 100 பாயிண்ட் வருது, இருக்கிறதுல பத்து சதவீதம் போகுதுன்னா, எத்தனை வருஷம் வந்தாலும் 1000-ஐத் தாண்டவே முடியாது. கிட்டப் போகப் போக வர்றதும் தேயுறதும் சமமாயிடும். இன்னைக்குச் சேர்ற தம்பிகூட சில மாசத்துல பழைய ஆளுங்க பக்கத்துல நிக்கலாம். 900-க்கும் 60-க்கும் நடுவுல இருந்த அந்தச் சுவர் இனி கிடையாது.

இதுலயும் குறை உண்டு. பொருளோட விலையைச் சூத்திரம் அதோட ஐட்டம் லெவலை வெச்சுப் போடுது. லெவல் பெருசா இருந்தும் யாரும் சீண்டாத பொருள் இருக்கு, லெவல் சின்னதா இருந்தும் எல்லாரும் அடிச்சுக்கிற பொருள் இருக்கு. அதனால விலைப்பட்டியலைக் கையால திருத்தி வெச்சிருக்கேன். யார் வேணும்னாலும் சண்டை போடலாம், ஆனா ரெய்டு இல்லாத நாள்ல.

சரி, ஜிடிகேபி பத்திச் சொல்லாமப் போனா நேர்மையில்ல. ஏன்னா என்னோட சொந்த அளவுகோல்ல அது நல்ல மார்க் வாங்கும்.

பாயிண்டுக்குப் பதிலா விளையாட்டுத் தங்கம். ஒவ்வொரு பொருளையும் தங்கத்துக்கு ஏலம் விடுவாங்க, கடைசியில மொத்தத்தையும் வந்தவங்களுக்குச் சமமாப் பிரிச்சுடுவாங்க. 40,000 தங்கம் சேர்ந்தா ஆளுக்கு 1000. நம்ம ஊர் ஏலச்சீட்டைப் பாத்தவங்களுக்கு இது உடனே புரியும். அவசரம் இருக்கிறவங்க தள்ளி எடுப்பாங்க, அந்தத் தள்ளு மத்த எல்லாருக்கும் கழிவா வரும். எடுக்காதவங்களும் லாபத்தோட வீட்டுக்குப் போவாங்க. நான் சொன்ன "வெறுங்கையோட போற ஆள்" இங்க கிடையவே கிடையாது! தெரியாதவங்களோட போனாலும் கணக்கு அன்னைக்கே தீர்ந்துடும்.

ஆனா சீட்டுல போடற பணம் அவங்கவங்க சம்பாதிச்ச பணம். இங்க வர்ற தங்கம் எங்கேருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்? நிஜப் பணம் கொடுத்து வெளியில தங்கம் வாங்கிட்டு வந்து ஏலத்துல கொட்டறவங்க வந்தாங்க. அந்தத் தங்கத்தைச் சேர்த்து விக்க ராப்பகலா தானே விளையாடற பாட் (bot) புரோகிராம்கள் வந்துச்சு. சாதாரணமா விளையாடி, பூ பறிச்சு, மீன் பிடிச்சுச் சேர்த்த தங்கத்தோட வந்தவரால ஏலத்துல வாயைத் திறக்க முடியல. 2024 பிப்ரவரியில, கிளாசிக்கோட சீசன் ஆஃப் டிஸ்கவரி பதிப்புல, ரெண்டாவது கட்டத்துலேருந்து வார்கிராஃப்ட் கம்பெனி பிளிசார்ட் ஜிடிகேபியைத் தடை பண்ணுச்சு. அதே வருஷக் கடைசியில திறந்த ஆனிவர்சரி சர்வர்கள்லயும் தடைதான். என்னைக் கேட்டா, சரியான தடை. நல்ல ஏற்பாடு ஒண்ணு வெளிப்பணத்தால கெட்டுப்போச்சேன்னு வருத்தம் இருக்கு, ஆனா தடை சரிதான்.

கம்பெனியே லூட்டைப் பிரிச்சுக் கொடுத்துட்டா என்னன்னு கேப்பீங்க. அதையும் பண்ணிப் பாத்தாங்க. புது வார்கிராஃப்ட்ல, 2018-ல பேட்டில் ஃபார் அஸெரோத் வந்தப்போ, லீடர் கையால பிரிச்சுக் கொடுக்கிற மாஸ்டர் லூட்டையே தூக்கிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா விழுந்துச்சு, அதுக்கு அவரே சொந்தக்காரர். திருடற லீடர் பிரச்சினை தீர்ந்துச்சு. ஆனா தனக்குத் தேவையில்லாத பொருளைப் பக்கத்துல இருக்கிற நண்பருக்குக் கொடுக்கணும்னா, அதே இடத்துல அதுக்குச் சமமாவோ மேலாவோ ஒரு பொருள் ஏற்கெனவே வெச்சிருக்கணும்னு விதி இருந்துச்சு. இல்லைன்னா கொடுக்க முடியல. உதவி பண்ண நினைச்சாலும் சட்டம் கையைக் கட்டுச்சு. 2022-ல டிராகன்ஃபிளைட் வந்தப்போ ரெய்டுகளுக்குத் திரும்பவும் குரூப் லூட்டை, அதாவது எல்லாரும் ரோல் போடறதை, கொண்டுவந்தாங்க.

ஃபைனல் ஃபேன்டஸி 14-ல இருக்கிற ஏற்பாடு எனக்கு இதைவிடப் பிடிக்கும். அங்க சாவேஜ் ரெய்டுல எட்டு பேர். பெட்டியில விழுறது அதிர்ஷ்டம்தான், ஆனா வாரம் ஒரு தடவை ஜெயிச்ச ஒவ்வொருத்தருக்கும் ஒரு புத்தகம் நிச்சயம். சில வாரம் புத்தகம் சேர்த்தா வேணும்கிற பொருளை மாத்திக்கலாம். அதிர்ஷ்டமே இல்லாதவருக்கும் ஒரு தேதி தெரியும். கிளாசிக்ல நாங்க ஷீட்டை வெச்சுக்கிட்டுக் கையால பண்றதும் இதே வேலைதான்.

பக் ரெய்டு போறவங்களுக்கு என் யோசனை: சாஃப்ட் ரிசர்வ் இருக்கிற ரெய்டுக்குப் போங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒண்ணு ரெண்டு பொருளை எல்லாரும் பாக்குற மாதிரி குறிச்சு வெப்பாங்க. அது விழுந்தா, குறிச்சவங்க மட்டும் ரோல். யாரும் குறிக்காததுக்கு எல்லாரும் ரோல். ஹார்ட் ரிசர்வ் இருக்கலாம், தப்பில்ல. ஆள் சேர்த்து ரெய்டை நடத்துறதுக்கு லீடர் ஒரு பொருளைத் தனக்குன்னு கேக்கிறது நியாயம்தான். ஆனா சேர்க்கிறப்பவே சொல்லணும். பிடிச்சா வருவேன், பிடிக்கலைன்னா வேற குரூப்புக்குப் போவேன். அந்தத் தேர்வு என் கையில இருக்கணும்.

எந்தக் கணக்கும் செல்லாத பொருள் ஒண்ணு இருக்கு. விண்ட்சீக்கர் பைண்டிங். தண்டர்ஃபியூரி வாளுக்கான ரெண்டு பாதி. மோல்டன் கோர்ல ஒண்ணு கார்ங்கிற பாஸ்கிட்டேருந்து, இன்னொண்ணு பாரன் கெட்டன்ங்கிற பாஸ்கிட்டேருந்து, ரெண்டும் ரொம்ப அரிதா விழும். ரெண்டு பாதியும் ஒரே ஆளுக்குப் போகணும், மாத்திக் கொடுக்க முடியாது. ஒரு பாதியை வாங்கினவர் விளையாட்டை விட்டுட்டா அந்தப் பாதி வீண். இதுக்கு இபிஜிபி என்ன விலை போடும்? அதனால முழுக் கில்டும் ஓட்டு போட்டு ஒரு டேங்க் பேரை எழுதினோம், அவருக்கு அடுத்தவர் பேரையும். முதல் ஆள் கையில ஒரு பாதி வந்தாச்சு. அவருக்கு வீட்டுல குழந்தை பிறக்கப் போகுது. "நான் நிறுத்திட்டா என்னைத் திட்டாதீங்க"ன்னார். உங்களை யாருங்க திட்டப் போறா, குழந்தையைப் பாருங்கன்னு சொல்லிட்டோம். அடுத்தவர் பேரும் பட்டியல்ல இருக்கு, அதுல சண்டை இல்ல.

சண்டை இப்ப வேற இடத்துல ஓடுது. பெஞ்ச்.

நாற்பது இடத்துக்கு நாற்பத்தி நாலு பேர் வந்தா நாலு பேர் வெளிய காத்திருக்கணும். யாராவது நெட் போய், கரண்ட் போய் விழுந்தா உள்ள போவாங்க. அவங்களுக்கு முயற்சிப் பாயிண்ட் முழுசாக் கொடுக்கணுமா, பாதியா? பாதிக் கட்சி சொல்றது: உள்ள நின்னு செத்துச் செத்துக் கத்துக்கிறவரும், வெளிய உக்காந்து படம் பாக்குறவரும் ஒண்ணா? முழுக் கட்சி சொல்றது: அவர் வரலைன்னு சொல்லியிருந்தா தூங்கியிருப்பார், நம்ம ரெய்டு நடுவுல கலையாம இருக்கிறதுக்காகத்தானே முழிச்சிட்டிருக்கார்?

நான் முழுக் கட்சி. ராத்திரி பன்னெண்டரைக்கு எழுந்து லாகின் பண்ணி "இன்னைக்கு இடமில்ல, கொஞ்சம் இருங்க"ன்னு கேட்டவங்களுக்குத் தெரியும், அந்த இருப்பும் வேலைதான். போதாக்குறைக்கு, பாதின்னு வெச்சா யார் பெஞ்ச்ல உக்காரணும்னு லீடர் சொல்ற ஒவ்வொரு தடவையும் அது ஒரு அபராதம் மாதிரி ஆயிடும். அப்புறம் யாரும் மனசார உக்கார மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை ரெய்டுக்கு முன்னாடி ஓட்டு. கோயம்புத்தூர்த் தம்பி பாதிக் கட்சியில இருக்கான், ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதி அனுப்பியிருக்கான். நல்லா எழுதியிருக்கான். உங்க கில்டுல பெஞ்சுக்கு என்ன கொடுக்கிறீங்க, ஏன்னு சொல்லுங்க. சனிக்கிழமை ராத்திரிக்குள்ள வந்தா ஓட்டுக்கு முன்னாடி எல்லாருக்கும் படிச்சுக் காட்டறேன், பாதின்னு எழுதியிருந்தாலும்.